கடைசி 53 மைல்

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளோடு உட்கார்ந்து 'டோகோ' படம் பார்த்தேன். 2019இல் டிஸ்னி எடுத்தது. அலாஸ்காவில் ஒரு ஊரில் குழந்தைகளுக்கு நோய், மருந்து கொண்டுவர வேண்டும், பனியில் நாய்வண்டி ஓடுகிறது. டோகோ என்ற கிழட்டு நாய்தான் நாயகன். படம் முடிந்ததும் மகள் ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்பா, சின்ன வயசுல நான் பார்த்த கார்ட்டூன்ல பால்டோங்கற நாய்தான இந்த மருந்தக் கொண்டு வந்துச்சு? இதுல டோகோங்கறாங்க. எதுப்பா நெஜம்?"

"ரெண்டும்தாம்மா" என்று சமாளித்தேன்.

"அப்ப மொத்தம் எத்தனை நாய் ஓடுச்சு?"

எனக்குத் தெரியவில்லை. அன்றிரவு தேட ஆரம்பித்தது, வழக்கம்போல மூன்று வாரம் இழுத்துவிட்டது. பதில்: ஏறத்தாழ 150 நாய்கள், 20 ஓட்டுநர்கள், 674 மைல் (சுமார் 1,085 கிலோமீட்டர்), ஐந்தரை நாளுக்கும் சற்றுக் குறைவு. இதில் இரண்டு நாய்களுக்குத்தான் படமும் சிலையும் கிடைத்தன. மீதிப் பேர் என்ன ஆனார்கள் என்பதைத் தேடப் போய், பந்தயக் கதை என்று நான் நினைத்திருந்தது வேறொரு கதையாக விரிந்தது. அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

உறைந்த ஊர்

நோம் என்பது அலாஸ்காவின் மேற்குக் கரையில், பெரிங் கடலோரம் இருக்கும் ஊர். வட துருவ வட்டத்துக்குக் கொஞ்சம் தெற்கே. 1898இல் அந்தப் பக்கத்து ஓடைகளில் தங்கம் கிடைத்தது. 1900 கணக்கெடுப்பில் 12,000 பேருக்கு மேல் அங்கே இருந்தார்கள். தங்கம் குறைந்ததும் கூட்டம் கலைந்தது. 1925இல் ஊரில் மிஞ்சியது 1,400 சொச்சம் பேர்தான். சுற்று வட்டாரத்துக் கிராமங்களையும் சேர்த்தால் சுமார் 10,000.

குளிர்காலம் தொடங்கியதும் கடல் உறைந்துவிடும். கடைசிக் கப்பல் கிளம்பிப் போய்விட்டால் அடுத்த கப்பல் வசந்தம் முடியும் நேரத்தில்தான். சாலை கிடையாது, ரயில் கிடையாது. வெளியுலகத்தோடு பேச ராணுவத்தின் தந்தி நிலையம் இருந்தது. பொருள் ஏதாவது வரவேண்டும் என்றால் நாய்வண்டி ஒன்றுதான் வழி.

ஊருக்கு ஒரே மருத்துவர், கர்ட்டிஸ் வெல்ச். 1924 கோடையில் அவர் டிப்தீரியாவுக்கான எதிர்நச்சு மருந்துக்கு ஆர்டர் போட்டிருந்தார். கையிருப்பு காலாவதியாகிவிட்டது. ஆனால் அந்தப் பருவத்தின் கடைசிக் கப்பலில் அது வரவில்லை. கப்பல் போய்விட்டது, கடல் மூடிவிட்டது.

டிப்தீரியாவை நம் ஊரில் தொண்டை அடைப்பான் என்பார்கள். இன்று பலருக்கு முத்தடுப்பு ஊசியின் முதல் எழுத்தாக மட்டுமே தெரிந்த நோய். நம்மில் பலர் கண்ணால் பார்த்தே இருக்க மாட்டோம். பாக்டீரியா தொண்டையில் சாம்பல் நிறத்தில் ஒரு சவ்வை உண்டாக்கும். அது மூச்சை அடைக்கும். அது வெளியிடும் நச்சு ரத்தத்தில் கலந்து இதயத்தையும் தாக்கும். குழந்தைகள்தான் அதிகம் மாட்டுவார்கள். அன்றைக்கு அதற்கு இருந்த ஒரே மருந்து, குதிரைகளின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த சீரம்.

1925 ஜனவரியில் குழந்தைகள் இறக்கத் தொடங்கினார்கள். முதலில் தொண்டைப் புண் என்று நினைத்த வெல்ச், சவ்வைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். ஒரு சிறுமிக்குக் காலாவதியான மருந்தையே போட்டுப் பார்த்தார். பலனில்லை. ஜனவரி 22 அன்று வாஷிங்டனுக்கும் அலாஸ்காவின் மற்ற ஊர்களுக்கும் தந்தி போனது. பத்து லட்சம் யூனிட் மருந்து உடனே வேண்டும்.

அவருடைய பதற்றத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. 1918இல் வந்த ஃப்ளூ அந்தக் கரையோரத்தைச் சூறையாடியிருந்தது. நோமுக்கு வடமேற்கே இன்று பிரெவிக் மிஷன் என்று அழைக்கப்படும் கிராமத்தில் 80 பெரியவர்களில் 72 பேர் ஐந்தே நாளில் இறந்தார்கள். வெளியிலிருந்து வரும் நோய்களுக்கு அங்கிருந்த பூர்வகுடி மக்களின் உடலில் எந்தப் பழக்கமும் இல்லை. ஏழு வருஷத்துக்குள் அதே கதை மறுபடியும் நடக்கப் போகிறது என்று ஊரே நடுங்கியது.

விமானமா, நாயா?

ஆங்கரேஜ் நகரின் ரயில்வே மருத்துவமனையில் 3 லட்சம் யூனிட் இருப்பது தெரியவந்தது. ஏறத்தாழ 30 பேருக்குப் போதும். மேற்குக் கடற்கரை மருத்துவமனைகளிலிருந்து திரட்டிய பெரிய சரக்கு கப்பலில் வந்து சேரும் வரைக்கும் இதை வைத்துச் சமாளிக்கலாம்.

எப்படி அனுப்புவது? அப்போது விமானம் வந்துவிட்டது. முந்தைய வருஷம்தான் பென் எய்ல்சன் என்ற விமானி ஃபேர்பேங்க்ஸிலிருந்து மக்கிராத்துக்குத் தபால் கொண்டுபோய்க் காட்டியிருந்தார். நோம் நகர மேயரே விமானம் வேண்டும் என்றார். பத்திரிகைகளும் அதையே கேட்டன. ஆனால் இருந்த விமானங்கள் குளிர்காலத்துக்காகப் பிரித்து வைக்கப்பட்டிருந்தன. விமானி உட்காரும் இடம் திறந்த வெளி. இன்ஜினைக் குளிர்விப்பது தண்ணீர். அனுபவமுள்ள எய்ல்சனும் அப்போது அலாஸ்காவில் இல்லை. விமானம் விழுந்தால் மருந்தும் போச்சு. அலாஸ்கா ஆளுநர் ஸ்காட் போன் நாய்களைத் தேர்ந்தெடுத்தார்.

படத்தில் பார்க்கும்போது இது ஏதோ வேறு வழியில்லாமல் எடுத்த அசட்டுத் துணிச்சல் மாதிரித் தெரியும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்த வழித்தடத்தைப் பற்றிப் படித்த பிறகுதான் அது எவ்வளவு நிதானமான முடிவு என்று புரிந்தது.

ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்த ஒரு ஏற்பாடு

1923இல் அலாஸ்கா ரயில்பாதை முடிந்திருந்தது. ஆங்கரேஜிலிருந்து நெனானா என்ற ஊர் வரை ரயிலில் வரலாம். நெனானாவிலிருந்து நோம் வரை 674 மைலும் தபால் பாதை. தனனா நதி, பிறகு யூக்கான் நதி, பிறகு மலைகளைக் கடந்து கடற்கரை. குளிர்காலத்தில் உறைந்த நதிதான் நெடுஞ்சாலை.

இந்தப் பாதையில் வருஷக்கணக்காகத் தபால் போய்க்கொண்டிருந்தது. ஒரே ஆள் முழுத் தூரமும் போகமாட்டார். ஆளுக்கொரு பகுதி. ஏறத்தாழ ஒரு நாள் பயணத்துக்கு ஒரு சத்திரம். ரோட்ஹவுஸ் என்பார்கள். மரக்கட்டையால் கட்டிய குடிசை, ஒரு பெரிய அடுப்பு, சூடான சாப்பாடு, நாய்களுக்குக் கொட்டில். தபால் வண்டிக்குப் பாதையில் முன்னுரிமை. சத்திரத்தில் அடுப்பை ஒட்டிய நல்ல இடமும் தபால்காரருக்குத்தான். நெனானாவிலிருந்து நோமுக்குத் தபால் சேர வழக்கமாக 25 நாள் ஆகும்.

நாய்கள் எதைத் தின்றன? இது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. கோடையில் யூக்கான் நதியில் சாமன் மீன் ஏறிவரும். நீரோட்டமே சுழற்றுகிற மீன் ராட்டினங்களை வைத்துக் கரையோரக் குடும்பங்கள் அவற்றைப் பிடிக்கும். அதில் சம் சாமன் என்ற வகையை நாய்களுக்கென்றே ஆயிரக்கணக்கில் பிளந்து காயப்போடுவார்கள். அதன் செல்லப்பெயரே நாய் சாமன். நம் ஊர்க் கருவாடு மாதிரிதான். கோடையில் ஒரு பெண் ஆற்றங்கரையில் பிளந்து காயவைத்த மீன்தான் ஜனவரியில் வண்டியை இழுத்தது. இன்றைய கணக்கில் சொன்னால் அதுதான் பெட்ரோல் பங்க்.

வண்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சக்கரம் கிடையாது. மரச் சட்டத்துக்கு அடியில் இரண்டு நீள ஓடுகட்டைகள். ஓட்டுநர் பின்னால் நின்றுகொண்டோ கூடவே ஓடிக்கொண்டோ வருவார். இரண்டிரண்டாக நாய்கள். குதிரை வண்டி மாதிரிக் கடிவாளம் இல்லை. எல்லாம் குரல்தான். "ஜீ" என்றால் வலது, "ஹா" என்றால் இடது. அதைக் கேட்டு மற்ற நாய்களைத் திருப்புவது முன்னோடி நாய். வண்டிக்கு ஒட்டினாற்போல இருப்பவை பலசாலிகள். திருப்பத்தில் வண்டியின் பாரம் அவற்றின் மேல்தான் விழும். முன்னோடிக்கு பலத்தைவிட மூளை முக்கியம். பனிப்புயலில் மனிதனுக்குத் தன் கையே தெரியாது. அப்போது பாதையை மோப்பத்தாலும் காலடியில் இறுகிய பனியின் உணர்வாலும் கண்டுபிடிப்பது அந்த நாய்தான். ஓட்டுநர் போகச் சொன்னாலும் எதிரே பனிக்கட்டி மெலிந்திருந்தால் நின்றுவிடும். சொன்னதைக் கேட்காமல் இருக்கத் தெரிந்த நாய்தான் நல்ல முன்னோடி என்பார்கள்.

ஆகவே ஆளுநர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த தபால் ஏற்பாட்டை எடுத்து, பகுதிகளைச் சிறிதாக்கி, இரவிலும் நிற்காமல் ஓடச் சொன்னார். பாதையில் ஆட்களை நிறுத்தும் வேலையை ஒரு தபால் துறை ஆய்வாளர் செய்தார். தேர்வானவர்களில் பெரும்பாலோர் அந்தப் பாதையையே தொழிலாகக் கொண்டவர்கள். நதியோரப் பகுதியில் அநேகமாக எல்லாரும் அதபாஸ்கன் பூர்வகுடியினர்.

கை மாறிய உருளை

கண்ணாடிக் குப்பிகளை மெத்தைத்துணியில் சுற்றி ஒரு உலோக உருளையில் வைத்தார்கள். மொத்தம் 9 கிலோ. மருந்து உறையக் கூடாது என்பதால் நிற்கும் இடங்களில் உள்ளே கொண்டுபோய் அடுப்பருகே சூடுபடுத்த வேண்டும் என்பது உத்தரவு.

ஜனவரி 27 இரவு நெனானா ரயில் நிலையத்தில் உருளையை வாங்கிக்கொண்டவர் பில் ஷானன். பூஜ்யத்துக்குக் கீழே 45 டிகிரி செல்சியஸ். விடியட்டும் என்று சிலர் சொன்னார்கள். அவர் கிளம்பிவிட்டார். 52 மைல். பாதை குதிரைக் குளம்புகளால் குழியாகியிருந்ததால் நதிப் பனியின் மேலேயே ஓட்டினார். அங்கே இன்னும் குளிர். உடம்பில் சூடு வர வண்டியோடு ஓடினார். மின்டோ சத்திரத்தை அடைந்தபோது முகத்தின் சில பகுதிகள் பனிக்கடியால் கறுத்திருந்தன. மூன்று நாய்களால் தொடர முடியவில்லை. அவற்றை அங்கே விட்டுவிட்டு மிச்சத்தோடு போனார். விட்டுவந்த நாய்கள் பிழைக்கவில்லை.

அடுத்தவர் எட்கர் காலண்ட். 31 மைல். சத்திரத்தில் போய் நின்றபோது அவர் கைகள் வண்டியின் பிடியோடு உறைந்து ஒட்டியிருந்ததாகவும், வெந்நீர் ஊற்றிப் பிரித்ததாகவும் சொல்வார்கள்.

பிறகு டேன் கிரீன், ஜானி ஃபோல்ஜர், சாம் ஜோசஃப், டைட்டஸ் நிகோலாய், டேவ் கார்னிங், ஹாரி பிட்கா, பில் மெக்கார்ட்டி. ஆளுக்கு 24 முதல் 34 மைல். இவர்களைப் பற்றி ஒவ்வொருவருக்கும் இரண்டு வரி கிடைத்தாலே பெரிது. எந்தக் குழப்பமும் இல்லாமல் வாங்கினார்கள், ஓட்டினார்கள், கொடுத்தார்கள். அதனாலேயே கதையில் அவர்களுக்கு இடமில்லாமல் போயிற்று.

எட்கர் நோல்னர் 24 மைல் ஓட்டிவந்து கலீனாவில் தன் சகோதரர் ஜார்ஜிடம் கொடுத்தார். ஜார்ஜ் 18 மைல் ஓட்டிச் சார்லி எவன்ஸிடம் கொடுத்தார். எவன்ஸுக்கு இருபதுகளின் தொடக்கம். குளிர் மைனஸ் 50 செல்சியஸுக்கும் கீழே. நதியில் ஓரிடத்தில் நீர் உடைத்துக்கொண்டு வந்ததால் பாதை முழுக்கப் பனிமூட்டம், முன்னால் ஓடும் நாய்களே தெரியவில்லை. அவருடைய முன்னோடிகள் இரண்டும் இரவல் நாய்கள், ரோமம் குறைவு. அந்த மாதிரி நாய்களுக்குத் தொடையிடுக்கில் முயல்தோல் கட்டுவார்கள். அவசரத்தில் அதை எடுத்துவர மறந்துவிட்டார். இரண்டும் பனிக்கடியால் விழுந்தன. அவற்றைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு, முன்னால் போய்த் தானே வாரைப் பிடித்து இழுத்தார். நுலாட்டோவில் போய்ச் சேர்ந்தபோது இரண்டு நாய்களும் செத்திருந்தன. மருந்து பத்திரமாக இருந்தது.

டாமி பாட்ஸி, ஜாக்ஸ்க்ரூ என்று அழைக்கப்பட்ட ஜாக் நிகோலாய், விக்டர் அனாகிக். உனலக்லீட்டில் மைல்ஸ் கொனாங்னன் வாங்கிக்கொண்டார். இங்கிருந்து கடற்கரை. எதிரே நார்ட்டன் விரிகுடா உறைந்து கிடந்தது. மேலே குறுக்கே போனால் நேரம் மிச்சம். அவர் நின்று காற்றையும் பனியையும் பார்த்தார். காற்று கரையிலிருந்து கடல் பக்கம் வீசினால் பனிப்பரப்பு உடைந்து ஆளோடு மிதந்து போய்விடும். கரையோரம் சுற்றிப் போவது என்று முடிவெடுத்தார். புயலில் 40 மைல். அந்த நின்று பார்த்த சில நிமிஷங்களும் இந்த ஓட்டத்தின் ஒரு பகுதிதான் என்று நான் நினைக்கிறேன்.

டோகோ

லியன்ஹார்ட் செப்பாலா நார்வேக்காரர். தங்கச் சுரங்க வேலைக்கு 1900இல் நோமுக்கு வந்தவர். சைபீரியாவிலிருந்து கொண்டுவந்த சிறிய, வேகமான ஹஸ்கி நாய்களை வளர்த்து, 408 மைல் அலாஸ்கா பந்தயத்தில் 1915, 1916, 1917 என்று வரிசையாக மூன்று முறை ஜெயித்தவர். அவருடைய முன்னோடி டோகோ. குட்டியில் நோஞ்சான், அடங்காத சேட்டை. யாரிடமோ கொடுத்துவிட்டபோது கண்ணாடி ஜன்னலை உடைத்துக்கொண்டு திரும்பி ஓடிவந்த நாய். 1925இல் அதற்கு 12 வயசு.

முதலில் போட்ட திட்டப்படி செப்பாலா நோமிலிருந்து நுலாட்டோ வரை போய் மருந்தை வாங்கித் திரும்ப வேண்டும். அவர் கிளம்பிய பிறகுதான் ஆளுநர் நடுவில் இன்னும் ஆட்களைச் சேர்த்தார். செப்பாலாவுக்குச் சொல்ல வழியில்லை. பாதையில் இருப்பவருக்குத் தந்தி போகாது.

ஜனவரி 31 அன்று ஷாக்டூலிக்குக்கு வெளியே ஹென்ரி இவனாஃப் மருந்தோடு கிளம்பினார். கொஞ்ச தூரத்தில் அவருடைய நாய்கள் ஒரு கலைமானைக் கண்டு பாய்ந்து வார் எல்லாம் சிக்கலாகிவிட்டது. சிக்கெடுத்துக்கொண்டிருக்கும்போது எதிரே செப்பாலா வேகமாகப் போகிறார். புயலில் நிற்பதாக அவருக்கு உத்தேசமே இல்லை. மருந்து இன்னும் வெகு தூரத்தில் இருக்கிறது என்பது அவர் கணக்கு. இவனாஃப் கத்திக்கொண்டே ஓடியதால்தான் நின்றார். அன்று அந்தக் குரல் காற்றில் போயிருந்தால்? இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

ஏற்கனவே 170 மைல் வந்திருந்த செப்பாலா அங்கேயே திரும்பினார். அன்று காலையில் கடந்துவந்த அதே நார்ட்டன் விரிகுடாவை, இருட்டில், புயலில் மறுபடியும் கடந்தார். வழிகாட்டியது டோகோ. சில மணி நேரம் கழித்து அந்தப் பனிப்பரப்பு உடைந்து கடலுக்குப் போனது. மருந்தோடு அவர் ஓட்டியது 91 மைல். மற்ற எவரையும்விட அதிகம், மிக ஆபத்தான பகுதியும் அதுதான். கோலவினில் சார்லி ஓல்சனிடம் கொடுத்தார். ஓல்சன் 25 மைல் ஓட்டி, பிளஃப் என்ற இடத்தில் குன்னர் காசனிடம் கொடுத்தார்.

பால்டோ

காசனும் நார்வேக்காரர்தான், செப்பாலா வேலை பார்த்த அதே கம்பெனி. அவருடைய வண்டியில் இருந்த பால்டோ, செப்பாலாவின் நாய்தான். பந்தயத்துக்கு லாயக்கில்லை, சரக்கு இழுக்கத்தான் ஆகும் என்று செப்பாலா ஊரிலேயே விட்டுவந்த நாய்.

அன்றிரவுக் காற்று வண்டியைத் தூக்கிப் புரட்டியது. உருளை பனிக்குள் போய் விழுந்தது. காசன் கையுறையைக் கழற்றிவிட்டு வெறுங்கையால் தடவிக் கண்டுபிடித்தார். பாயின்ட் சேஃப்டி என்ற இடத்தில் கடைசி ஓட்டுநர் எட் ரோன் காத்திருக்க வேண்டும். புயலில் யாரும் வரமாட்டார்கள் என்று ரோன் தூங்கிவிட்டார். விளக்கும் இல்லை. எழுப்பி, நாய் பூட்டி, கிளப்புவதற்கு நேரமாகும் என்று காசன் நிற்காமல் போய்விட்டார். மொத்தம் 53 மைல். பிப்ரவரி 2 காலை 5.30க்கு நோம் தெருவில் போய் நின்றார். ஒரு குப்பிகூட உடையவில்லை. உறைந்திருந்த மருந்தை வெல்ச் உருகவைத்துப் போட்டார். வேலை செய்தது.

காசன் வேண்டுமென்றேதான் ரோனை எழுப்பவில்லை, பெயரைத் தட்டிக்கொண்டு போகத்தான் என்று சிலர் பின்னால் சொன்னார்கள். அந்த இரவில் அந்தக் காற்றில் நின்றவருக்குத்தான் அது தெரியும்.

பெயர் யாருக்கு?

அமெரிக்கா முழுக்கப் பத்திரிகைகள் தினமும் இந்தச் செய்தியைப் பின்தொடர்ந்தன. ஆனால் செய்தி எங்கிருந்து வந்தது? தந்திக் கம்பி இருந்த இடத்திலிருந்து. கேமராவும் நிருபரும் நோமில் இருந்தார்கள். காசன் வந்தது இருட்டில் என்பதால் பகலில் மறுபடி ஓட்டச் சொல்லிப் படம் பிடித்தார்கள். கோக்ரைன்ஸிலும் பிஷப் மவுன்டனிலும் கைமாறியதைப் படம் பிடிக்க ஆளில்லை.

அதே வருஷம் டிசம்பரில் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் பால்டோவுக்குச் சிலை திறந்தார்கள். பால்டோவே பக்கத்தில் நின்றது. செப்பாலா கடைசிவரை இதைப் பொறுத்துக்கொள்ளவில்லை. டோகோவின் புகழைப் பால்டோவுக்குக் கொடுத்துவிட்டார்களே என்ற ஆதங்கம் அவருக்கு.

பால்டோவுக்கும் அந்தப் புகழால் சுகமில்லை. கைமாறிக் கைமாறி லாஸ் ஏஞ்சலிஸில் சில்லறைக் காசுக்கு வேடிக்கை காட்டும் ஒரு கூடத்தில் போய்ச் சேர்ந்தது. 1927இல் அதைப் பார்த்த கிளீவ்லாந்து வியாபாரி ஒருவர் ஊரைத் திரட்டி 2,000 டாலர் வசூலித்து, பால்டோவையும் மிச்சமிருந்த ஆறு தோழர்களையும் மீட்டார். பள்ளிக் குழந்தைகள் சில்லறை சேர்த்துக் கொடுத்தார்கள். 1933இல் கிளீவ்லாந்தில் இறந்தது. பதப்படுத்திய உடல் அங்கே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2023இல் அதன் மரபணுவை ஆராய்ந்து 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். இன்றைய தூய இன நாய்களைவிட அதற்கு மரபணு வகைமை அதிகமாம். டோகோ 1929இல் மெய்ன் மாநிலத்தில் இறந்தது.

இந்தச் சண்டை நூறு வருஷமாக நடக்கிறது. பால்டோவா, டோகோவா? டோகோ பக்கம் நியாயம் அதிகம் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் கூட்டிப் பாருங்கள். டோகோவின் 91 மைலும் பால்டோவின் 53 மைலும் சேர்த்தால் 144. இன்னும் 530 மைல் பாக்கி இருக்கிறது. அதை ஓட்டிய 18 பேரைப் பற்றி இந்தச் சண்டையில் யாருமே பேசுவதில்லை. அவர்களுக்கு ஆளுக்கொரு பதக்கம், 25 டாலர். பிறகு விறகு வெட்டவும் பொறி வைக்கவும் மீன் பிடிக்கவும் திரும்பிப் போனார்கள். கடைசியாக உயிரோடிருந்த எட்கர் நோல்னர் 1999இல், 94 வயதில் இறந்தார். கடைசிக் காலத்தில் பேட்டி காண நிருபர்கள் தேடிவந்தார்கள்.

எண்ணிக்கையில் விட்டுப்போனவர்கள் இன்னும் உண்டு. நோமில் டிப்தீரியாவால் இறந்தவர்கள் என்று பதிவானது ஐந்து முதல் ஏழு பேர். இத்தனை குறைவா என்று நானும் மகிழ்ந்தேன். ஊருக்கு வெளியே பூர்வகுடிக் குடியிருப்புகளில் குறைந்தது இன்னும் நூறு பேருக்காவது நோய் கண்டிருக்கலாம் என்று வெல்ச்சே பின்னால் கணக்கிட்டார். அங்கே குழந்தை இறந்தால் யாரிடமும் சொல்லாமல் புதைத்துவிடுவார்கள், தனக்குத் தெரியவராது என்பது அவர் விளக்கம். மருந்தைச் சுமந்தவர்களில் பெரும்பாலோர் பூர்வகுடிகள். கணக்கில் வராமல் போன குழந்தைகளும் பூர்வகுடிகள்தான். இதை நினைத்தால் சிலையைப் பார்த்துச் சிரிக்க முடிவதில்லை.

பாதை என்ன ஆயிற்று

ஒரு விசித்திரமான தற்செயல். காசன் நோமை அடைந்த அதே பிப்ரவரி 2, 1925 அன்றுதான் அதிபர் கூலிட்ஜ் கெல்லி சட்டத்தில் கையெழுத்திட்டார். விமானத் தபாலைத் தனியார் நிறுவனங்களுக்குக் குத்தகைக்கு விடும் சட்டம். நாய்கள் உலகப் புகழ் பெற்ற நாளும் அவற்றின் வேலை போவதற்கான வாசல் திறந்த நாளும் ஒன்றே. அடுத்த சில பத்தாண்டுகளில் விமானங்கள் தபாலை எடுத்துக்கொண்டன. சத்திரங்கள் ஒவ்வொன்றாக மூடின. நாய்வண்டியில் கடைசியாக முறையான தபால் போனது 1963இல், செயின்ட் லாரன்ஸ் தீவில். அதற்குள் பனி மோட்டார் வண்டிகளும் வந்துவிட்டன. ஊருக்கு ஊர் நாய்கள் காணாமல் போயின.

இதைப் பார்த்துப் பதறிய ஜோ ரெடிங்டன் என்பவரும் அவருடைய நண்பர்களும் 1973இல் ஆங்கரேஜ் பக்கமிருந்து நோம் வரை இடிடராட் பந்தயத்தைத் தொடங்கினார்கள். நாய்களும் பழைய பாதையும் அழியாமல் இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். அதன் வழியின் ஒரு பகுதி இந்த மருந்து ஓடிய அதே வழி. 1975இல் அதில் ஜெயித்தவர் எம்மிட் பீட்டர்ஸ், ரூபி என்ற ஊரைச் சேர்ந்த அதபாஸ்கன். ஐம்பது வருஷத்துக்கு முன் ஹாரி பிட்கா உருளையை பில் மெக்கார்ட்டியிடம் கொடுத்த ஊர் அதே ரூபிதான். இந்த வரியைப் படித்தபோது அன்றைக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை.

நான் இருபது வருஷமாக மென்பொருள் வேலையில் இருக்கிறேன். ஒரு புராஜெக்ட் வெற்றியானால் பாராட்டு மின்னஞ்சலில் யார் பெயர் வரும் என்று எங்களுக்குத் தெரியும். கடைசி இரவில் பொத்தானை அமுக்கியவர் பெயர் வரும். கொஞ்சம் விவரம் தெரிந்த மேலாளராக இருந்தால், நடுவில் பெரிய சிக்கலைத் தீர்த்த ஒருவர் பெயரும் வரும். தங்கள் பகுதியைச் சத்தமில்லாமல் சரியாக முடித்துக் கொடுத்தவர்கள் பெயர் வராது. நானும் அப்படி எழுதியிருக்கிறேன், விட்டுப்போன பெயர்கள் பிறகுதான் நினைவுக்கு வந்தன.

மகளிடம் போன வாரம் பதில் சொன்னேன். ஒரு தாளில் பாதையை வரைந்து இருபது பெயரையும் வரிசையாக எழுதிக் காட்டினேன். எண்ணிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இதுல ஒருத்தர் மட்டும் வரலன்னா?"

"வந்திருக்காது" என்றேன்.

தாள் இப்போது அவள் மேஜைக்கு மேலே ஒட்டியிருக்கிறது. நாய்களின் பெயர்களையும் கேட்டிருக்கிறாள். தேடிக்கொண்டிருக்கிறேன்.